சந்தா இல்லாத செயற்கைக்கோள் டிவி: எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே வேண்டாம்

கூரைமேல் இருக்கும் டிஷ்ஷுக்கு நீங்கள் இந்த மாதம் பணம் கட்டினீர்களா இல்லையா என்பது தெரியாது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. கட்டியவர் வீட்டுக்கும் கட்டாதவர் வீட்டுக்கும் அது ஒரே சிக்னலைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கணக்குப் பார்ப்பது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி மட்டும்தான்.

சந்தாவை விட்டுவிட்டு இலவசச் சேனல்களுக்கு மாற நினைப்பவர் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ரீசார்ஜ் முடிந்து திரை இருண்டதும் "சிக்னலை நிறுத்திவிட்டார்கள்" என்று சொல்கிறோம். யாரும் எதையும் நிறுத்தவில்லை. சிக்னல் டிஷ்ஷில் விழுந்து, கேபிள் வழியாக இறங்கி, பெட்டி வரைக்கும் வந்து நிற்கிறது. பெட்டிதான் அதைத் திறக்க மறுக்கிறது. ஆகவே மாறுவது என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுவது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். சில வீடுகளில் டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். எந்த வீட்டில் எது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பூட்டு எங்கே இருக்கிறது

சேனல்காரர்கள் தரையில் உள்ள பெரிய ஆன்டெனா மூலம் நிகழ்ச்சியை மேலே அனுப்புகிறார்கள். செயற்கைக்கோளில் இருக்கும் ட்ரான்ஸ்பாண்டர் என்ற கருவி அதை வாங்கி, அலைவரிசையை மாற்றி, வலுவாக்கிக் கீழே அனுப்புகிறது. டிஜிட்டல் முறையில் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் ஒரே ட்ரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் சேர்ந்து பயணம் செய்யும்.

கட்டணச் சேனல் என்றால் மேலே ஏறுவதற்கு முன்பே, தரையிலேயே அதன் படமும் ஒலியும் கலைத்துப் பூட்டப்படுகின்றன. பூட்டைத் திறக்கும் சாவி சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாவியும் அதே சிக்னலோடுதான் வருகிறது, ஆனால் அதுவும் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் செருகியிருக்கும் ஸ்மார்ட் கார்டோ, பெட்டிக்குள்ளேயே பதிக்கப்பட்ட சில்லோ "இந்த வீட்டுக்கு இந்தச் சேனல் உண்டு" என்று உறுதிசெய்த பிறகுதான் சாவியை எடுத்துக் கொடுக்கும். அந்த உரிமையைப் புதுப்பிக்கும் செய்தியும் வானத்திலிருந்துதான் வருகிறது. ரீசார்ஜ் செய்த பிறகு பெட்டியைக் கொஞ்ச நேரம் ஆன் செய்து வைக்கச் சொல்வார்களே, காரணம் இதுதான். பெட்டி அணைந்திருந்தால் அந்தச் செய்தியை வாங்க ஆளில்லை.

இலவசச் சேனலில் இந்தப் பூட்டே கிடையாது. சரியான திசையில் ஒரு டிஷ், ஒரு சாதாரண ரிசீவர் இருந்தால் படம் தெரியும். யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகை இருக்கிறது. பூட்டு உண்டு, மாதக் கட்டணம் கிடையாது. ஒரு கார்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இத்தாலியின் டிவூசாட், பிரான்ஸின் ஃப்ரான்சாட் இரண்டும் இந்த வகை. பணம் கேட்காத சேனலுக்கு எதற்குப் பூட்டு? படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. இத்தாலிக்கென்று வாங்கிய பந்தயம் பக்கத்து நாட்டிலும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கார்டு.

இலவசமாக ஏன் கொடுக்கிறார்கள்

இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும், வரவும் வேண்டும். செயற்கைக்கோளில் இடம் பிடிக்க வாடகை உண்டு. அதைப் பார்ப்பவர் தராவிட்டால் வேறு யாரோ தருகிறார்கள். விளம்பரத்தில் வாழும் சேனலுக்கு எத்தனை வீடுகளில் தெரிகிறோம் என்பதே முதல். பூட்டுப் போட்டால் வீடுகள் குறையும். பொதுத்துறை ஒளிபரப்புக்கு அரசுப் பணமோ, பிரிட்டனில் போல மக்கள் கட்டும் உரிமக் கட்டணமோ இருக்கிறது. மத, கல்வி, செய்திச் சேனல்களுக்கு நாலு பேரிடம் போய்ச் சேர்வதே நோக்கம்.

பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பதில் செயற்கைக்கோளின் கதிர் எவ்வளவு அகலமானது என்பதற்கும் பங்குண்டு. பிபிசி தன் செயற்கைக்கோள் சேனல்களை 2003 வரை பூட்டித்தான் வைத்திருந்தது. அந்த ஆண்டு அவற்றை ஆஸ்ட்ரா 2டி என்ற செயற்கைக்கோளுக்கு மாற்றிவிட்டுப் பூட்டை எடுத்துவிட்டது. ஆஸ்ட்ரா 2டியின் கதிர் பிரிட்டன், அயர்லாந்து மேல் குறுகலாக விழும்படி அமைந்திருந்தது. தள்ளியிருக்கும் நாடுகளில் அதைப் பிடிக்கப் பெரிய டிஷ் தேவைப்பட்டதால் உரிமை விற்றவர்களும் அதிகம் முரண்டு பிடிக்க முடியவில்லை. விளம்பரத்தில் இயங்கும் பிரிட்டிஷ் சேனலான ஐடிவியும் பின்னாலேயே வந்தது. இரண்டும் சேர்ந்து 2008 மே மாதம் ஃப்ரீசாட் என்ற இலவசச் சேவையைத் தொடங்கின.

இந்தியாவில் இந்த இடத்தில் இருப்பது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. தனியார் சேனல்கள் அதில் இடம் பெற ஏலம் எடுக்கின்றன. பார்ப்பவர் மாதம்தோறும் எதுவும் கட்டுவதில்லை.

முதல் கேள்வி: உங்கள் டிஷ் எதைப் பார்க்கிறது?

டிவி செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஒரே வளையத்தில் நிற்கின்றன. பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் அவையும் ஒருமுறை சுற்றிவிடுவதால், கீழிருந்து பார்த்தால் அசையாமல் இருப்பதுபோலத் தெரியும். ஆர்தர் சி. கிளார்க் 1945ல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கிய யோசனை இது. டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிட முடிகிறது என்றால் அதற்கு இந்த வளையம்தான் காரணம்.

வளையத்தில் ஒவ்வொரு செயற்கைக்கோளின் இடத்தையும் டிகிரியில் சொல்வார்கள். 93.5 டிகிரி கிழக்கு, 19.2 டிகிரி கிழக்கு, இப்படி. இதுதான் அதன் முகவரி. உங்கள் சந்தா நிறுவனம் எந்த முகவரியில் இருக்கிறது, நீங்கள் விரும்பும் இலவசச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். வேலையின் அளவு இந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடும்.

இரண்டும் ஒன்றே என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பிரிட்டனில் கட்டணச் சேவையான ஸ்கை, இலவசமான ஃப்ரீசாட் இரண்டும் 28.2 டிகிரி கிழக்கில் இருக்கின்றன. ஜெர்மனியில் கட்டணச் சேனல்களும் நூற்றுக்கணக்கான இலவசச் சேனல்களும் 19.2 டிகிரி கிழக்கில் ஒன்றாக இருக்கின்றன. இத்தாலியில் 13 டிகிரி கிழக்கு. இங்கெல்லாம் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். பழைய பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றிப் புதியதில் மாட்டிவிட்டு ஸ்கேன் கொடுத்தால் முடிந்தது.

எண்கள் வேறு வேறு என்றால் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், அல்லது இரண்டாவது டிஷ் வைக்க வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. இந்தியாவின் கட்டண டிடிஎச் நிறுவனங்கள் ஒரே இடத்தில் இல்லை, வளையத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அதனால் அங்கே மாறுபவர்கள் பெரும்பாலும் டிஷ்ஷைத் திருப்பும் நிலைமைக்குத்தான் வருவார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று டிஷ்ஷின் அளவு. செயற்கைக்கோளின் கதிர் பூமியில் ஒரு குறிப்பிட்ட பரப்பின் மேல்தான் பலமாக விழும். நடுவில் இருப்பவருக்கு 60 செ.மீ. டிஷ் போதும், ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். செயற்கைக்கோளை நடத்தும் நிறுவனங்களே இந்தப் பரப்பைக் காட்டும் வரைபடங்களை வெளியிடுகின்றன. வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெட்டி

சந்தா நிறுவனம் கொடுத்த பெட்டியையே வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. நிறுவனத்தைப் பொறுத்தது. சில பெட்டிகள் சந்தா நின்ற பிறகும் பூட்டில்லாத சேனல்களைக் காட்டும். சில முழுவதுமாக முடங்கிவிடும். பெட்டி வாடகைக்குத் தரப்பட்டது என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்போது இந்தக் கேள்விக்கே இடமில்லை. காட்டுகிற பெட்டியாக இருந்தாலும் நான் அதை நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். அதன் மெனு முழுக்கப் பூட்டிய சேனல்களுக்கான விளம்பரமாக இருக்கும், வேறு செயற்கைக்கோளை ஸ்கேன் செய்யவும் பெரும்பாலும் விடாது.

செலவு செய்வதற்கு முன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். சமீப வருடங்களில் வந்த பல டிவிகளுக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர், அதாவது சிக்னலைப் பிரித்தெடுக்கும் பகுதி, இருக்கிறது. டிவிபி-எஸ்2 என்று எழுதியிருக்கும், அல்லது மரைபோல வரிகள் உள்ள ஒரு கேபிள் துளைக்குப் பக்கத்தில் சாட் என்றோ எல்என்பி என்றோ குறித்திருக்கும். இருந்தால் தனிப் பெட்டியே தேவையில்லை. டிஷ் கேபிளை நேராக டிவியில் மாட்டலாம். பலர் இது தெரியாமலே பெட்டி வாங்கி, இரண்டாவது ரிமோட்டோடு அவதிப்படுகிறார்கள்.

தனிப் பெட்டி வாங்குவதென்றால் டிவிபி-எஸ்2, எம்பெக்-4 இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிபி-எஸ் என்பது 1990களின் முறை, எஸ்2 அதன் அடுத்த தலைமுறை. எம்பெக்-2, எம்பெக்-4 இரண்டும் படத்தைச் சுருக்கும் முறைகள். பழைய முறை மட்டும் தெரிந்த பெட்டி விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் சேனல்கள் ஒவ்வொன்றாகப் புதிய முறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் பொதுத்துறை அமைப்பான ஏஆர்டி 2025 ஜனவரியில் தன் பழைய சாதாரணத் தரச் செயற்கைக்கோள் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. எச்டி தெரியாத பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சேனல்கள் அன்றோடு போயின. புதிய முறையில் வருவதைப் பழைய பெட்டி சில நேரம் பட்டியலில் பெயரை மட்டும் காட்டும், ஒலி கூட வரும், படம் வராது. அது சிக்னல் கோளாறு அல்ல.

எச்டியைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஒரு சேனல் இலவசம் என்றால் அதன் எச்டியும் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெர்மனியில் தனியார் சேனல்கள் சாதாரணத் தரத்தில் பூட்டில்லாமல் வரும்போதே அவற்றின் எச்டி வடிவம் 2009லிருந்து கட்டணத்துக்குப் பின்னால் இருக்கிறது.

"எல்லாக் கட்டணச் சேனலும் இலவசம்" என்று சொல்லி விற்கும் பெட்டிகளும் உண்டு. எங்கோ ஒருவர் கட்டிய கார்டின் சாவியை இணையம் வழியாகப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் ஏற்பாடு அது. சட்டத்துக்குப் புறம்பானது. சாவி அனுப்புபவர் காணாமல் போகும் நாளில் உங்கள் பணமும் அவரோடு போகும். இந்தக் கட்டுரையில் பேசும் இலவசம் அது இல்லை.

டிஷ்ஷின் நுனியில் இருக்கும் அந்தச் சின்னத் தலை

டிஷ் என்பது வெறும் கண்ணாடி மாதிரி. விழும் அலைகளை ஒரு புள்ளியில் குவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. உண்மையான வேலை செய்வது அந்தப் புள்ளியில், கம்பியின் நுனியில் இருக்கும் எல்என்பி. பெட்டியை மாற்றியும் படம் வரவில்லை என்று தவிப்பவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கும், அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

பெரும்பாலான வீட்டு டிஷ்கள் பிடிப்பது கேயூ பேண்ட் என்ற பகுதி, அதாவது சுமார் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை. இவ்வளவு உயர்ந்த அலைவரிசையைச் சாதாரணக் கேபிளில் அனுப்பினால் வழியிலேயே கரைந்துவிடும். அதனால் எல்என்பி அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அளவுக்கு இறக்கித் தருகிறது. உள்ளேயே ஒரு நிலையான அலைவரிசையை உண்டாக்கி, வருவதிலிருந்து அதைக் கழிப்பதுதான் வழி. யுனிவர்சல் எல்என்பி என்று விற்கப்படும் வகையில் இந்த எண்கள் 9750, 10600. வானத்தில் 11090 மெகாஹெர்ட்ஸில் வரும் ட்ரான்ஸ்பாண்டர், 9750 கழிந்து, கேபிளில் 1340ஆக இறங்கும். பெட்டியின் மெனுவில் எல்என்பி வகை என்று கேட்கும் இடத்தில் இந்த எண்களைத்தான் கேட்கிறது. அங்கே தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் டிஷ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒரு சேனலும் கிடைக்காது.

இரண்டு எண்கள் எதற்கு? அலைவரிசைப் பகுதி பெரியது, கேபிளில் ஒரே நேரத்தில் அடங்காது. அதனால் 11.7 கிகாஹெர்ட்ஸில் கீழ்ப்பாதி, மேல்பாதி என்று பிரித்திருக்கிறார்கள். அதோடு இட நெருக்கடியைச் சமாளிக்க ஒரே அலைவரிசையில் இரண்டு வேறு அலைகளை அனுப்புகிறார்கள், ஒன்று கிடைமட்டமாக அதிரும், மற்றது செங்குத்தாக அதிரும். மெனுவில் எச், வி என்று வருவது இதுதான். எது வேண்டும் என்று பெட்டி அதே கேபிள் வழியாக மேலே உத்தரவு அனுப்புகிறது. 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டம். கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் ஒலிபோன்ற ஒரு துடிப்பைச் சேர்த்தால் மேல்பாதி, சேர்க்காவிட்டால் கீழ்ப்பாதி. எல்என்பி வேலை செய்ய மின்சாரமும் இந்த வழியில்தான் போகிறது. ஆகவே கேபிளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பெட்டியின் பிளக்கை எடுத்துவிடுங்கள். நடுக்கம்பியும் வெளிவலையும் உரசிவிட்டால் பெட்டி பாதிக்கப்படலாம்.

இது புரிந்தால் ஒரு பழைய புதிரும் விடுபடும். சேனல்களில் பாதி வருகிறது, மீதிப் பாதி வரவே இல்லை என்றால், அநேகமாக 18 வோல்ட்டோ 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்போ மேலே போய்ச் சேரவில்லை. மெனுவில் ஒரு அமைப்பு அணைந்திருக்கலாம், கேபிள் முனை சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை.

சந்தா டிஷ்ஷை அப்படியே பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. சில கட்டண நிறுவனங்கள் தங்கள் புதிய பெட்டிகளுக்காக வேறு வகை எல்என்பி பொருத்துகின்றன. பிரிட்டனில் ஸ்கை க்யூ பெட்டிக்கு வைக்கும் அகலப்பட்டை எல்என்பி அப்படிப்பட்டது. மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரிக்காமல் கிடைமட்டம் முழுவதையும் ஒரு கேபிளிலும் செங்குத்து முழுவதையும் இன்னொரு கேபிளிலும் அது அனுப்பும். சாதாரண ரிசீவருக்கு அந்த மொழி புரியாது. வேறு சில இடங்களில் ஒரே கேபிளில் பல ட்யூனர்களுக்குப் பங்கு போடும் எல்என்பி இருக்கும். எல்என்பியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். யுனிவர்சல் இல்லை என்றால் தலையை மட்டும் மாற்றினால் போதும், டிஷ் மாறவேண்டாம்.

திருப்பும் வேலை

திசை மாற்ற வேண்டியவர்களுக்கு மூன்று கோணங்கள். இடவலமாக எந்தத் திசை, எவ்வளவு நிமிர்வு, எல்என்பியை அதன் பிடியில் எவ்வளவு சுழற்ற வேண்டும் என்பவை அவை. உங்கள் ஊரையும் செயற்கைக்கோளின் டிகிரியையும் கொடுத்தால் மூன்றையும் கணக்குப் போட்டுத் தரும் செயலிகள் நிறைய இருக்கின்றன. சில, போன் கேமராவில் அந்த இடத்தையே வானத்தில் குறித்துக் காட்டும். நடுவில் மரமோ சுவரோ வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், அது பொய் சொல்லும்.

வீட்டு டிஷ் பார்வைக்கு ஏறக்குறைய நேராக நிற்பதுபோல இருக்கும். எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், டிஷ் உண்மையில் தோன்றுவதைவிட இருபது டிகிரிக்கு மேல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. நிமிர்வு எண்ணை டிஷ்ஷின் பின்பக்க அளவுகோலில் வைப்பதுதான் சரி, கண்ணளவில் வானத்தை நோக்கி நிமிர்த்தினால் தவறிவிடும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமே சுமார் 3 டிகிரி. ஒரு டிகிரி திருப்ப, டிஷ்ஷின் ஒரு விளிம்பு எதிர் விளிம்பைவிட ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும். அதனால் நட்டுகளைப் பாதி தளர்த்திவிட்டு, விரல் அகலத்துக்கும் குறைவாக நகர்த்தி, நகர்த்தியபின் இரண்டு மூன்று வினாடி காத்திருக்க வேண்டும். டிஜிட்டல் பெட்டி சிக்னலைப் புரிந்துகொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும். வேகமாகத் துழாவினால் சரியான இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது.

டிவியில் இரண்டு கோடுகள் தெரியும், ஒன்று சிக்னல் பலம், மற்றது தரம். புதியவர்கள் பலத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே பலம் கணிசமாகக் காட்டும், டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. பலம் நன்றாக இருந்து தரம் பூஜ்யமாக இருந்தால் நீங்கள் எந்தச் செயற்கைக்கோளையும் பிடிக்கவில்லை, அல்லது தவறானதைப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். பார்க்க வேண்டியது தரம் மட்டுமே. தரம் உச்சிக்கு வந்ததும் எல்என்பியைப் பிடியில் மெல்லச் சுழற்றி இன்னும் கொஞ்சம் ஏறுகிறதா பாருங்கள். பிறகு நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே பக்கம் முழுதாக முடுக்கினால் டிஷ் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏணியில் ஒருவரும் டிவி முன்னால் ஒருவரும் இருந்து கத்திக்கொள்வது வழக்கமான முறை. போனில் வீடியோ கால் போட்டு டிவியை நோக்கி வைத்துவிட்டால் தொண்டை மிச்சம். கூரை சாய்வாக இருந்தாலோ, பிடித்து நிற்க இடமில்லை என்றாலோ டிஷ் மாட்டுபவரைக் கூப்பிடுவதே மேல். ஈரத்திலும் காற்றிலும் ஏறாதீர்கள்.

அப்புறம் ஸ்கேன். செயற்கைக்கோளின் பெயரை மெனுவில் தேர்ந்தெடுத்தால் ட்ரான்ஸ்பாண்டர் பட்டியல் ஏற்கனவே இருக்கும். விட்டுப்போன ஒன்றைக் கையால் சேர்க்க மூன்று விவரம் போதும்: அலைவரிசை, எச்சா வியா, சிம்பல் ரேட் (தரவு வரும் வேகத்தைக் குறிக்கும் எண்). "இலவசச் சேனல்கள் மட்டும்" என்ற தேர்வு பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திறக்காத நூற்றுக்கணக்கான சேனல்கள் பட்டியலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது டிவி

டிஷ் கேபிளை ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டாகப் பிரித்தால் சரியாக வராது. ஒரு பெட்டி 13 வோல்ட் கேட்கும்போது இன்னொன்று 18 கேட்டால் எல்என்பி யாருக்குக் கீழ்ப்படியும்? ஒவ்வொரு டிவிக்கும் எல்என்பியிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். இரண்டு, நான்கு, எட்டு வாய்கள் உள்ள எல்என்பிகள் கிடைக்கின்றன. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் இரட்டை ட்யூனர் பெட்டிக்கும் பொதுவாக இரண்டு கேபிள் வேண்டும். மறுபக்கம், இரண்டு செயற்கைக்கோள்களை ஒரே பெட்டியில் பார்க்க விரும்பினால் டைசெக் சுவிட்ச் என்ற சிறு பெட்டி இருக்கிறது. சாதாரண வகை நான்கு எல்என்பிகள் வரை ஒரு கேபிளில் சேர்க்கும்.

சந்தாவை நிறுத்துவது கடைசியில்

வரிசை முக்கியம். முதலில் இலவச ஏற்பாட்டை முழுமையாக நிறுவி, வீட்டில் எல்லோரும் சில வாரம் அதையே பார்க்கட்டும். யாருக்கு எது குறைகிறது என்று அப்போதுதான் தெரியும். பட்டியலில் 200 சேனல் இருந்தாலும் ஒரு வீட்டில் திரும்பத் திரும்பப் போடுவது ஏழெட்டுதான், ஆனால் அந்த ஏழெட்டில் ஒன்று பூட்டியதாக இருந்தால் சண்டை நிச்சயம். பெரும்பாலும் அது நேரடி விளையாட்டாக இருக்கும், அல்லது குழந்தைகள் சேனலாக இருக்கும். அந்த ஒன்றுக்காக முழு சந்தாவையும் வைத்திருக்க வேண்டுமா, அந்தச் சேனலின் இணையச் செயலி போதுமா என்று அப்போது முடிவு செய்யலாம். என்னைக் கேட்டால், விளையாட்டுக்காகவே டிவி வைத்திருக்கும் வீடு அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

பழைய பெட்டியில் பதிவு செய்து வைத்திருப்பவை சந்தா நின்றதும் பல பெட்டிகளில் திறக்காமல் போகும். வேண்டியதை முன்பே பார்த்துவிடுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததா, எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதைப் படித்து, நிறுத்தக் கேட்டதற்கு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வங்கியில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் தனியாக ரத்து செய்ய வேண்டும். இது மறந்துபோவதுதான் அதிகம்.

மாறிய பிறகு

இலவசப் பட்டியல் நிலையானது அல்ல. 2019 மார்ச்சில் இந்தியாவின் பெரிய ஒளிபரப்புக் குழுமங்கள் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து தங்கள் பொழுதுபோக்குச் சேனல்களை விலக்கிக்கொண்டன. அடுத்த ஆண்டு சில திரும்பி வந்தன. ஒரு சேனல் திடீரென்று காணாமல் போனால் டிஷ்ஷை அசைக்காதீர்கள். மற்ற சேனல்கள் வருகின்றனவா பாருங்கள். வந்தால் காணாமல்போனது இடம் மாறியிருக்கும், மறுபடி ஸ்கேன் செய்தால் கிடைக்கலாம். கட்டண நிறுவனம் இதையெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது. இனி மாதத்துக்கு ஒருமுறை நீங்களே ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும்.

பலத்த மழையில் படம் கட்டம் கட்டமாக உடைவது சந்தா இருந்தபோதும் நடந்ததுதான். கேயூ பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு, மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். வெயில் நாளிலேயே தரம் கம்மியாக இருந்தால் தூறலுக்கே உடையும். அப்படியானால் டிஷ்ஷைத் திரும்பச் சரிசெய்யலாம், அல்லது ஒரு அளவு பெரிய டிஷ் வைக்கலாம். கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மார்ச் மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் சில நாட்கள், பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், சில நிமிடங்கள் மட்டும் படம் போய்விட்டுத் தானே திரும்பி வரலாம். சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது, அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காக ஏணியை எடுக்க வேண்டாம்.